பழைய வாட்டர் கூலிங் பாகங்கள்: மொத்தமாக வாங்குவதா, பிரித்து வாங்குவதா?

காட்பாடி மேம்பாலம் (பதிவு 1)

அனைவருக்கும் வணக்கம். மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறையில் உட்கார்ந்து கல்யாண வீடியோக்களை எடிட் செய்து பிழைப்பவன் நான். ரைசன் 7 5800எக்ஸ் பிராசஸர், ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டு. சித்திரை பிறந்துவிட்டால் கார்டின் மின்விசிறிகள் போடும் சத்தத்தில் நாதஸ்வரம் எது, விசிறி எது என்று தெரிவதில்லை.

பெங்களூரில் ஒருவர் தம்முடைய வாட்டர் கூலிங் அமைப்பை மொத்தமாக 21,000 ரூபாய்க்கு விற்பதாக இணையத்தில் விளம்பரம் போட்டிருக்கிறார். நீரின் சூட்டை வெளியேற்றும் 360 மில்லிமீட்டர் ரேடியேட்டர் ஒன்று, ரிசர்வாயருடன் (நீர்த்தொட்டி) கூடிய டி5 வகைப் பம்ப், நிக்கல் பூசிய பிராசஸர் பிளாக் (சில்லின் மேல் உட்கார்ந்து சூட்டை நீருக்குக் கடத்தும் செம்புப் பாகம்), 3080க்கான கார்டு பிளாக், டியூபை மாட்டும் 14 ஃபிட்டிங்குகள், 2 மீட்டர் டியூப் ஆகியவை பட்டியலில் உள்ளன. இரண்டு வருடம்தான் ஓடியது என்கிறார். பிரித்துத் தர மாட்டாராம். பணத்தை அனுப்பினால் கூரியரில் போட்டுவிடுவதாகச் சொல்கிறார். படங்களில் எல்லாம் பளபளவென்று இருக்கின்றன. வாங்கலாமா?

ராணிப்பேட்டை பாய்லர் (பதிவு 2)

தம்பி, 21,000 என்ற எண்ணைக் கொஞ்ச நேரம் ஓரமாக வைத்துவிட்டு, அந்தப் பட்டியலில் எவையெல்லாம் உங்கள் கணினிக்கு உதவும் என்று முதலில் பார்ப்போம். மொத்தமாகத்தான் தருவேன் என்பவர், தனியாக விற்க முடியாத பொருள் ஏதோ ஒன்றை மற்றவற்றின் முதுகில் ஏற்றி அனுப்பப் பார்க்கிறார் என்பது என் அனுபவம்.

உங்கள் பிராசஸர் முழு வேலையில் 142 வாட் வரை இழுக்கும். கார்டு 320 வாட். இரண்டும் சேர்ந்து 462. ரேடியேட்டரில் 120 மில்லிமீட்டருக்கு 100 வாட் என்பது இந்தத் தொழிலில் கைக்கணக்காகப் பலரும் வைத்திருக்கும் அளவு. அதன்படி ஒரு 360 ரேடியேட்டர் சுமார் 300 வாட்டை விசிறிச் சத்தம் அதிகமில்லாமல் வெளியேற்றும். ஆகவே இரண்டையும் அதில் கோர்த்தால் விசிறிகள் மறுபடியும் அலறத்தான் செய்யும். என்னைக் கேட்டால், பிராசஸரை நல்ல காற்றுக் கூலரிடமே விட்டுவிட்டுக் கார்டை மட்டும் தண்ணீருக்கு மாற்றுங்கள். சத்தம் போடுவது கார்டுதானே.

அப்படியானால் கேள்வி கார்டு பிளாக்கைப் பற்றியது. 3080 என்று பெயர் ஒன்றாக இருந்தாலும், ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு மாடலுக்கும் சர்க்யூட் போர்டைத் தன் விருப்பப்படி வடிவமைத்திருக்கும். மெமரி சில்லுகளும் மின்சாரப் பகுதியும் இருக்கும் இடம் இரண்டு மில்லிமீட்டர் தள்ளியிருந்தாலும் பிளாக் உட்காராது. பிளாக்கின் மாடல் எண்ணை விற்பவரிடம் கேட்டு வாங்கி, அதைத் தயாரித்தவர்கள் வெளியிட்டிருக்கும் பொருத்தப் பட்டியலில் உங்கள் கார்டின் முழுப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அந்தப் பிளாக்கின் மதிப்பு உங்களுக்குப் பழைய பித்தளைக் கடை விலைதான்.

குடியாத்தம் தறி (பதிவு 3)

வேண்டாம் என்று சொல்ல ஒருவராவது இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். எத்தனை ரேடியேட்டர் மாட்டினாலும், அறையின் வெப்பத்துக்குக் கீழே தண்ணீர் இறங்காது. மே மாதத்தில் வேலூரில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது, மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் அறை என்னவாக இருக்கும் என்று நண்பருக்கே தெரியும். அந்த 21,000 ரூபாயோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் அறைக்கு ஏசி வாங்கலாம். கணினிக்கும் குளிர்ச்சி, மனிதருக்கும் குளிர்ச்சி.

காட்பாடி மேம்பாலம் (பதிவு 4)

ஏசி இருக்கிறது, நண்பரே. மின்கட்டணத்தைப் பார்த்துவிட்டு மாலையில்தான் போடுவோம். வீடியோ ரெண்டர் ஆவது பகலில்.

பாய்லர் ஐயா சொன்னபடி மாடல் எண்ணை வாங்கிப் பார்த்துவிட்டேன். பொருத்தப் பட்டியலில் என் கார்டு இருக்கிறது. என்னுடையது பொது வடிவமைப்பில் செய்த போர்டு என்று தெரிகிறது. இப்போது ஆசை இன்னும் கூடிவிட்டது.

கோட்டை அகழி (பதிவு 5)

ஆசை கூடியிருக்கும்போதுதான் என் கதையைச் சொல்ல வேண்டும். தண்ணீர் இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை என்று நம் ஊரைப் பற்றிச் சொல்வார்கள். தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீரால் கணினியைக் குளிர்விக்கக் கிளம்பிய முதல் பைத்தியங்களில் நானும் ஒருவன்.

மூன்று வருடத்துக்கு முன் இணையத்தில் அறிமுகமான ஒருவரிடம் ரேடியேட்டரும் பிராசஸர் பிளாக்கும் வாங்கினேன். செம்பு ரேடியேட்டர் என்றுதான் எழுதியிருந்தார். கறுப்புப் பெயின்ட் அடித்திருந்ததால் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. மாட்டினேன், ஓடியது, மகிழ்ந்தேன். ஏழெட்டு மாதத்தில் பிராசஸர் சூடு மெல்ல ஏறத் தொடங்கியது. கழற்றிப் பார்த்தால், பிளாக்கின் செம்புத் தகடுகளுக்கு நடுவே ஜவ்வரிசிக் கஞ்சி போல வெள்ளையாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. அந்த ரேடியேட்டர் அலுமினியம். செம்பும் அலுமினியமும் ஒரே நீரில் நனைந்துகொண்டிருந்தால் மின்கலம் போல வேலை நடந்து, அலுமினியம் கரைந்து இப்படி வழுவழுப்பாகப் படியும் என்பதை அன்றைக்குத்தான் படித்தேன். விற்றவர் அதற்குள் கணக்கையே மூடிவிட்டுப் போயிருந்தார்.

காந்தத்தை வைத்துப் பார்த்துப் பயனில்லை, இரண்டுமே ஒட்டாது. ஃபிட்டிங் நுழையும் துளையின் மரையில் டார்ச் அடித்துப் பாருங்கள். அங்கே பெயின்ட் இருக்காது. மஞ்சளாகத் தெரிந்தால் பித்தளை, வெள்ளையாக இருந்தால் கையை எடுத்துவிடுங்கள். தூக்கிப் பார்த்தாலும் ஓரளவு தெரியும். செம்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 8.96 கிராம், அலுமினியத்துக்கு 2.70.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நடுவில் நீர் குறைந்தபோது வீட்டு ஆர்ஓ தண்ணீரை ஊற்றிய புண்ணியவானும் நானேதான். கேனைத் திறந்து கொட்டும்போது அது சுத்தமாகத்தான் தெரிந்தது. நம் ஊர் போர் தண்ணீரில் இருக்கும் உப்பில் ஒரு பங்கு ஆர்ஓவுக்குப் பிறகும் மிச்சம் இருக்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைத் தவிர வேறெதையும் அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

பாகாயம் பக்கம் (பதிவு 6)

பொருளைப் பற்றி எல்லோரும் பேசிவிட்டீர்கள், பணத்தைப் பற்றி நான் பேசுகிறேன். "பணத்தை அனுப்பினால் கூரியரில் போட்டுவிடுகிறேன்" என்ற வாக்கியத்தை நம்பிக் கிராபிக்ஸ் கார்டு ஒன்றுக்காக 8,000 ரூபாய் இழந்தவன் நான். கூரியர் ரசீதின் படம்கூட வந்தது. அது வேறு யாரோ வேறு எங்கோ அனுப்பிய பார்சலின் ரசீது.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கும் வழக்கம் இது. முன்பணம் கேட்பவரிடம், வெள்ளைத் தாளில் அன்றைய தேதியையும் நான் சொல்லும் ஒரு சொல்லையும் எழுதிப் பொருளின் மேல் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வேன். போன முறை "கத்திரிக்காய்" என்று எழுதச் சொன்னேன். இணையத்தில் பொறுக்கிய படங்களை வைத்திருப்பவர் அந்த இடத்திலேயே கோபித்துக்கொண்டு போய்விடுவார். கோபித்துக்கொள்பவரிடம் வாங்காதீர்கள்.

நாம் விற்கும்போது வரும் ஏமாற்று வேறு வகை. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டு, பேரமே பேசாமல் கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டு, "இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்யுங்கள், பணம் வந்துவிடும்" என்பார்கள். யுபிஐயில் பணம் பெறுவதற்கு ரகசிய எண்ணைப் போடவே தேவையில்லை. அதைப் போடச் சொன்னால் பணம் போகிறது என்று பொருள். மாட்டிக்கொண்டால் அரை மணி நேரம்கூட வீணாக்காமல் இணையக் குற்றப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள். நான் இரண்டு நாள் கழித்துச் சொன்னேன், ஒன்றும் திரும்பவில்லை.

ஆம்பூர் அட்டைப்பெட்டி (பதிவு 7)

இதுவரை பேசியவர்கள் அனைவரும் வாங்குபவர்கள். நான் நான்கைந்து முறை விற்றவன் என்பதால் அந்தப் பக்கத்தையும் சொல்ல அனுமதியுங்கள். விற்பவரெல்லாம் திருடர் என்பது போல இழை போய்க்கொண்டிருக்கிறது.

நான் விற்ற ரிசர்வாயர் ஒன்று திருச்சிக்குப் போய்ச் சேரும்போது அடியில் விரிசலோடு சேர்ந்தது. வாங்கியவர் பழைய விரிசல் என்றார், நான் கூரியரில் விழுந்த விரிசல் என்றேன். பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். இன்றுவரை யார் சொன்னது சரி என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஷூ ஏற்றுமதிக்குப் பயன்படும் கனமான அட்டைப்பெட்டியில்தான் கட்டுகிறேன், எங்கள் ஊரில் அதற்குப் பஞ்சமில்லை. ஒவ்வொரு துளையையும் மூடித் திருகி, ஃபிட்டிங்குகளைத் தனிப் பையில் போட்டு, கட்டுவதை முதலிலிருந்து கடைசிவரை வீடியோ எடுத்துவிடுவேன். வாங்குபவரும் பிரிப்பதை வீடியோ எடுக்க வேண்டும் என்பது என் நிபந்தனை.

ரேடியேட்டரைக் கவிழ்த்துவிட்டால் காலியாகிவிட்டது என்று எண்ணாதீர்கள். உள்ளே தட்டையான குழாய்களில் தங்கும் நீர் இரண்டு நாள் சொட்டும். அப்படியே கட்டினால் அட்டை ஊறிவிடும், கூரியர்காரர் திரவம் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

விலையைப் பொறுத்தவரை, புதிதாக வாங்கும்போது 18 சதவீதம் ஜிஎஸ்டியோடு கட்டிய தொகையில் பாதி கிடைத்தால் போதும் என்றுதான் நான் கணக்குப் போடுவேன். ஃபிட்டிங்குகளுக்கு மட்டும் அதற்கு மேலேயே கிடைக்கும். பிராசஸர் மாறும், கார்டு மாறும், ஃபிட்டிங்கில் இருக்கும் கால் அங்குல ஜி மரை (ஜி என்பது நேர் மரை வகை) மட்டும் மாறவே இல்லை. அவசரமாகத் தேடுபவர் எப்போதும் இருப்பார்.

வாலாஜா ரோடு (பதிவு 8)

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். நான் இந்தத் துறைக்குப் புதியவன். பிரித்து மாட்டும் வேலையெல்லாம் இல்லாமல், தொழிற்சாலையிலேயே மூடி வரும் ஏஐஓ கூலர் ஒன்று ஐந்து வருடம் ஓடியது 2,500 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதை எடுக்கலாமா?

ராணிப்பேட்டை பாய்லர் (பதிவு 9)

எடுக்க வேண்டாம். ரப்பர் குழாயின் சுவர் வழியாக நீர் வருடக்கணக்கில் சிறுகச் சிறுக ஆவியாகிக்கொண்டே இருக்கும், உள்ளே காற்று சேரும். திறந்து பார்க்கவும் வழியில்லை, நிரப்பவும் வழியில்லை. பம்ப்பும் அதே ஐந்து வயது. நான் பழைய பொருளில் வைத்திருக்கும் ஒரே அளவுகோல், அதைத் திருகாணி கழற்றி உள்ளே பார்க்க முடியுமா என்பதுதான்.

கோட்டை அகழி (பதிவு 10)

பாய்லர் ஐயா அதில் கொஞ்சம் கடுமையாக இருக்கிறார் என்று நினைக்கிறேன். வாரன்டி ஒரு வருடமாவது மிச்சம் இருந்து, பில்லும் கையில் இருந்தால் எடுக்கலாம். ஆனால் 2,500க்கு அப்படிக் கிடைக்காது.

காட்பாடி மேம்பாலம் (பதிவு 11)

பாகாயம் நண்பர் சொன்னதைப் படித்ததும் கூரியர் எண்ணத்தைக் கைவிட்டுவிட்டேன். வரும் சனிக்கிழமை காலையில் பிருந்தாவன் எக்ஸ்பிரஸ் பிடித்து நேரிலேயே போய்விடலாம் என்றிருக்கிறேன். நேரில் பார்க்க வருவதாகச் சொன்னதும் விற்பவர் உடனே சரி என்றார், வீட்டு முகவரியும் அனுப்பிவிட்டார். அதுவே பாதி நம்பிக்கை தந்தது. கையில் என்னென்ன கொண்டுபோக வேண்டும், எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

ராணிப்பேட்டை பாய்லர் (பதிவு 12)

திருகாணி முனைகளும் அறுகோணச் சாவிகளும் டார்ச்சும் கட்டாயம். ஐந்து லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் கேன் ஒன்றை அங்கேயே பேட்டரிக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். பழைய வெள்ளை வேட்டித் துணி ஒரு முழம். பழைய பவர் சப்ளை ஒன்று இருந்தால் தூக்கிக்கொண்டு போங்கள், அதன் 24 முனை இணைப்பில் பச்சைக் கம்பியையும் கறுப்புக் கம்பி ஒன்றையும் சிறு கம்பித் துண்டால் இணைத்தால் கணினி இல்லாமலே அது ஓடும். பம்ப்பைச் சோதிக்க அது போதும்.

முதலில் கார்டு பிளாக்கைத் திறக்கச் சொல்லுங்கள். மறுத்தால் அங்கேயே நன்றி சொல்லிக் கிளம்பிவிடுங்கள். உள்ளே செம்பைச் சீப்புப் பல் போல மிக நெருக்கமாகச் செதுக்கியிருப்பார்கள். அந்தப் பற்களுக்கு நடுவே என்ன இருக்கிறது என்பதுதான் அந்த அமைப்பின் ஜாதகம். மெழுகு போல வெள்ளையாக ஒட்டியிருந்தால், அது நிறமில்லாத பிவிசி குழாயிலிருந்து கசிந்த பிளாஸ்டிக் மென்மையாக்கி. சோப்பும் பல் துலக்கும் பிரஷும் இருந்தால் போய்விடும், அதற்காகப் பொருளை ஒதுக்க வேண்டியதில்லை. நிக்கல் உரிந்து செம்பு தெரிந்தால் குளிர்விப்பதில் பெரிய குறை வராது, ஆனால் உரிந்த துகள் எங்கே போயிற்று என்று யோசிக்க வேண்டும், விலையையும் குறைக்க வேண்டும். பச்சையாக அரித்திருந்தால் வேண்டாம்.

அடுத்து ரேடியேட்டர். அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டரை ஊற்றி, இரண்டு துளைகளையும் அடைத்து, ஐந்து நிமிடம் நன்றாகக் குலுக்கி, வேட்டித் துணியின் மேல் வடியுங்கள். துணியில் என்ன தங்குகிறதோ அதுதான் அவர் இரண்டு வருடமாக ஓட்டியது.

டி5 பம்ப்பை உலர்ந்த நிலையில் ஒரு நொடிகூட ஓட விடாதீர்கள். அதன் சுழலி ஒரு சிறிய பீங்கான் குண்டின் மேல்தான் உட்கார்ந்திருக்கும், கையாலேயே தூக்கி எடுத்துவிடலாம். எடுத்துப் பாருங்கள், குண்டு வழுவழுப்பாக இருக்க வேண்டும். பிறகு நீர் நிரப்பி ஓட்டி, காதை வைத்துக் கேளுங்கள். சீரான ரீங்காரம் சரி. கூழாங்கல் உருள்வது போல இருந்தால் தேய்ந்துவிட்டது.

ரிசர்வாயர் அக்ரிலிக்காக இருந்தால் துளைகளைச் சுற்றி மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பாருங்கள். ஃபிட்டிங்கை ஸ்பானர் போட்டு முறுக்கும் பழக்கமுள்ளவர் வைத்திருந்தால் கட்டாயம் இருக்கும். கையால் இறுக்கினால் போதும், நீரைத் தடுப்பது ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான், மரை அல்ல. ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாரா என்றும் கேளுங்கள். ஆல்கஹால் பட்டால் இறுக்கத்தில் இருக்கும் அக்ரிலிக் சிலந்தி வலை போல வெடிக்கும்.

டியூபை வாங்காதீர்கள். பழைய டியூபுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

மெடிக்கல் ஸ்டோர் (பதிவு 13)

நீர் ஊற்றுவதற்கு முன் காற்றை அடைத்துக் கசிவு பார்க்க வேண்டும் என்று இதுவரை யாரும் சொல்லவில்லையே. அதற்கென்றே விற்கும் கருவி இருக்கிறது, ஆனால் நம் ஊரில் அதற்கு மாற்று வீட்டுக்கு வீடு கிடக்கிறது. ஆஸ்பத்திரிக்கு எதிர்ச்சாரியில் கடை வைத்திருப்பவன் என்பதால் எனக்குத் தோன்றியது: டயல் வைத்த பிரஷர் கருவியின் பல்பும் மீட்டரும். கையில் சுற்றும் பட்டையைக் கழற்றிவிட்டு, அந்த ரப்பர் குழாயைக் கால் அங்குல மரையுள்ள பித்தளை நிப்பிளில் மாட்டி ரிசர்வாயரின் மேல் துளையில் திருகினால் முடிந்தது. டயலின் உச்சமான 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது 0.4 பார். கசிவு பார்க்க வேண்டிய அழுத்தம் ஏறத்தாழ அவ்வளவுதான். முள் அதைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டால் ரிசர்வாயரை வெடிக்க வைக்கும் பயமும் இல்லை. சைக்கிள் பம்ப்பைக் கொண்டு அடித்து அக்ரிலிக்கை உடைத்தவரை எனக்குத் தெரியும்.

ராணிப்பேட்டை பாய்லர் (பதிவு 14)

நல்ல யோசனை, மனதாரச் சொல்கிறேன். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும். முதல் நிமிடத்தில் முள் கொஞ்சம் இறங்கும், டியூப் விரிவதால் அப்படி. மறுபடி ஏற்றிவிட்டுப் பதினைந்து நிமிடம் பாருங்கள். நிப்பிள் வாங்கும்போது காற்றுக் குழாய்க் கடைக்காரர் நுனி ஒடுங்கிய மரையுள்ளதைத்தான் எடுத்துக் கொடுப்பார். அதை அக்ரிலிக்கில் திருகினால் ஆப்பு அடித்தது போலப் பிளந்துவிடும். நேர் மரை என்று கேட்டு வாங்கி, ஓ-ரிங் போட்டு மாட்டுங்கள்.

காட்பாடி மேம்பாலம் (பதிவு 15)

போய்விட்டு வந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்தருளுங்கள்.

விற்பவர் என்னைவிட இளையவர், வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகிறார், அதனால்தான் மொத்தமாகத் தள்ளிவிடப் பார்த்திருக்கிறார். பாய்லர் ஐயாவின் சந்தேகம் இந்த இடத்தில் பொய்த்தது. கார்டு பிளாக்கைத் திறக்கலாமா என்று கேட்டதும் அவரே அறுகோணச் சாவியை எடுத்து வந்தார். பதினோரு திருகாணிகள். மூடியைத் தூக்கியதும் முதலில் வந்தது வாசனைதான், மூடி வைத்த தண்ணீர்ப் பானையின் வாசனை. பற்களின் நடுப்பகுதியில் நகக்கண் அளவுக்கு வெள்ளை மெழுகு படர்ந்திருந்தது, ஓரத்தில் ஓரிடத்தில் நிக்கல் உரிந்து செம்பு தெரிந்தது. அவர் உண்மையிலேயே திகைத்துப் போனார். இரண்டு வருடத்தில் ஒருமுறைகூடத் திறந்து பார்த்ததில்லையாம்.

ரேடியேட்டரின் மரை மஞ்சள். குலுக்கி வடித்ததில் துணியில் மிளகுத் தூள் தூவியது போலக் கொஞ்சம் கறுப்பு, இரண்டாம் முறை அதுவும் இல்லை. பம்ப் சத்தமே இல்லாமல் ஓடியது, சுழலியைத் தூக்கிப் பார்த்தபோது குண்டு கண்ணாடி போல இருந்தது. ரிசர்வாயரின் கீழ்த் துளையில் நெல்மணி நீளத்துக்கு ஒரு விரிசல். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்திருக்காவிட்டால் என் கண்ணுக்கு ஆயுளுக்கும் தெரிந்திருக்காது.

கார்டு பிளாக்குடன் வர வேண்டிய தெர்மல் பேடுகள் (மெமரி சில்லுகளின் சூட்டைப் பிளாக்குக்குக் கடத்தும் மெல்லிய மெத்தைகள்) கிழிந்துபோயிருந்தன, தம் கார்டின் பழைய ஹீட்சிங்கோடு அவர் எறிந்துவிட்ட நான்கு திருகாணிகளும் இல்லை. பேடுகளின் தடிமன் எவ்வளவு என்று கையேட்டைத் தேடிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன். தவறான தடிமனைப் போட்டால் மெமரி தகிக்கும் அல்லது பிளாக் சில்லின் மேல் உட்காராது.

பேரம் பேச எனக்கு வாய் வராது. குறைகளை ஒவ்வொன்றாகத் தாளில் எழுதி அவர் முன் வைத்தேன். டியூபை நீக்கி, விரிசலுக்கும் பேடுகளுக்கும் கழித்து, 13,500 ரூபாய்க்கு முடிந்தது. பிராசஸர் பிளாக் எனக்குத் தேவையில்லை என்றேன், "எனக்கு மட்டும் எதற்கு, எடுத்துக்கொண்டு போங்கள்" என்று பையில் போட்டுவிட்டார். அவர் அம்மா மோர் கொடுத்தார்.

குடியாத்தம் தறி (பதிவு 16)

ஏசி என்று சொன்னவன் என் வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன், மோருக்காக.

செம்புப் பகுதியைப் புளி போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடுமே, குத்துவிளக்கைத் தேய்ப்பது போல? சோப்பெல்லாம் எதற்கு?

ராணிப்பேட்டை பாய்லர் (பதிவு 17)

வெறும் செம்பாக இருந்தால் தாராளமாகப் போடலாம், புளியின் அமிலம் களிம்பை நன்றாகவே எடுக்கும். நார் பற்களுக்குள் சிக்காமல் கரைத்து வடிகட்டிப் பயன்படுத்த வேண்டும். ஆனால் இந்தப் பிளாக் நிக்கல் பூசியது, ஓரிடத்தில் உரியவும் தொடங்கிவிட்டது. அமிலம் அந்த விளிம்பிலிருந்து உள்ளே புகுந்து மிச்சத்தையும் உரிக்கும். இளஞ்சூட்டு நீர், பாத்திரம் துலக்கும் திரவம், மென்மையான பிரஷ், பற்களின் போக்கிலேயே தேய்த்தல், கடைசியாக டிஸ்டில்டு வாட்டரில் இரண்டு முறை அலசல். இது போதும்.

விரிசல் விட்ட ரிசர்வாயரை ஒட்டிப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பம்ப்பை எடுத்துப் புதிய மேல்மூடியில் பொருத்துங்கள்.

காட்பாடி மேம்பாலம் (பதிவு 18)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். புது ரிசர்வாயர், கறுப்பு ஈபிடிஎம் ரப்பர் டியூப், தெர்மல் பேடுகள் என்று இன்னொரு 7,200 ஆனது. கூட்டிப் பார்த்தால் முதலில் கேட்ட 21,000ஐயே தொட்டுவிட்டேன் என்று வீட்டில் சுட்டிக்காட்டினார்கள். மறுக்க முடியவில்லை.

மெடிக்கல் ஸ்டோர் நண்பரின் பிரஷர் பல்ப் முறையில் சோதித்தபோது, 280 வரை ஏறிய முள் பத்து நிமிடத்தில் 240க்கு இறங்கியது. ஒவ்வொரு இணைப்பிலும் சோப்பு நுரையைத் தடவிப் பார்த்ததில், பழைய ஃபிட்டிங் ஒன்றின் ஓ-ரிங் தட்டையாக நசுங்கிக் குமிழி விட்டது. பதினான்கிலும் ஓ-ரிங்குகளை மாற்றிவிட்டேன். அதன் பிறகு முள் அசையவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டுக் கார்டுக்கு மின்சாரம் கொடுக்காமல் பம்ப்பை மட்டும் ஓர் இரவு முழுவதும் ஓட விட்டேன், அடியில் செய்தித்தாளை விரித்துவிட்டு. தூங்கவில்லை என்று சொல்ல வேண்டியதில்லை.

நேற்றைய நிலவரம்: அறையில் 36 டிகிரி, ஒரு மணி நேர ரெண்டருக்குப் பிறகு தண்ணீர் 47, கார்டு 59. முன்பு இதே அறையில் இதே வேலைக்கு 80ஐத் தாண்டிக்கொண்டிருந்தது. நாதஸ்வரம் கேட்கிறது.

கையில் மிஞ்சியிருக்கும் பிராசஸர் பிளாக்கை விற்கலாம் என்றிருக்கிறேன். 2,000 ரூபாய். திறந்து, கழுவி, உள்ளே எடுத்த படங்களையும் இணைத்திருக்கிறேன். அதிலும் அதே வெள்ளை மெழுகு இருந்தது, எடுத்துவிட்டேன். ஓடிய திரவம் நிறமில்லாத ரெடிமேட் கூலன்ட், இரண்டு வருடமாக மாற்றவே இல்லை என்று முன்னவர் சொன்னார். மேல் விளிம்பில் ஒரு கீறல், படத்தில் அம்புக்குறி போட்டிருக்கிறேன்.

வாலாஜா ரோடு (பதிவு 19)

அண்ணா, ஏஐஓவை விட்டுவிட்டேன். என்னிடம் ஒன்பதாம் தலைமுறை இன்டெல் பிராசஸர் இருக்கிறது. இந்தப் பிளாக் அதற்குப் பொருந்துமா? பொருந்துமானால் 1,700க்குத் தருவீர்களா? ஞாயிற்றுக்கிழமை வேலூருக்கு வருகிறேன்.

காட்பாடி மேம்பாலம் (பதிவு 20)

பொருந்தும். உங்கள் போர்டில் துளைகளுக்கு இடையே 75 மில்லிமீட்டர் இருக்கும், அதற்கான பிராக்கெட்டும் ஏஎம்டி பிராசஸர்களுக்கான ஏஎம்4 பிராக்கெட்டும் பையில் உள்ளன. ஆனால் பின்னால் புதிய போர்டுக்கு மாறும் எண்ணமிருந்தால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள். இன்டெலின் பிந்தைய சாக்கெட்டான எல்ஜிஏ 1700இல் அந்த இடைவெளி 78 மில்லிமீட்டர், அதற்கான பிராக்கெட் இதில் இல்லை. 1,800 கொடுங்கள். காலை பத்து மணிக்குக் கோட்டைக்கு எதிரே நிற்கிறேன், அறுகோணச் சாவி என்னிடம் இருக்கும், நீங்களே திறந்து பார்த்துவிட்டுப் பணம் கொடுத்தால் போதும்.